ஐயா சொன்னதற்குச் சாட்சி: ஐம்பது செட் டூப்ளிகேட் புத்தகம், பதினான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஸ்டேஷனரி கடைகளில் பில் புத்தகங்களுக்கும் ரெக்கார்டு நோட்டுகளுக்கும் நடுவே, பெரும்பாலும் தூசி படிந்த கீழ்த்தட்டில் கிடக்கும் ஒரு சரக்கைப் பற்றி எழுதுகிறேன். கடைக்காரர்கள் அதை டூப்ளிகேட் புக் என்பார்கள். ஒரே எண்ணிட்ட இரண்டிரண்டு தாள்களாக ஐம்பது செட். மேல்தாள் கிழித்துக் கொடுப்பதற்கு, கீழ்த்தாள் புத்தகத்திலேயே தங்குவதற்கு. இடையில் வைக்க ஒரு கார்பன் தாள். எங்களுக்குப் புத்தகம் ஒன்று எழுபத்தைந்து ரூபாய்க்குக் கிடைத்தது. மளிகைக்கடைக்காரரும் சலவைக்கடைக்காரரும் ரசீது போட வாங்கும் இந்தப் புத்தகத்தை, என் முதலாளியின் மறதியைச் சமாளிப்பதற்காக நான் வாங்கினேன். அந்த வேலையை அது எவ்வளவு தூரம் செய்தது, எங்கே கைவிட்டது என்பதைப் பதினான்கு மாத அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

நான் வேலை பார்ப்பது கோயம்புத்தூரில், பம்ப் உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் ஒரு சிறிய பட்டறையில். ஆர்டர், கொள்முதல், சலான், சம்பளம், வரித் தாக்கல் என்று அலுவலக வேலை முழுவதும் என் பொறுப்பு. முதலாளிக்கு அறுபதை ஒட்டிய வயது. லேத் என்ற கடைசல் இயந்திரம் ஓடும் சத்தத்தைக் கேட்டே டூல் மழுங்கிவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவார். முப்பது ஆண்டுகளுக்கு முன் எந்த ஃபவுண்டரியில் என்ன விலைக்கு வார்ப்பு வாங்கினார் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் இன்று காலை பத்து மணிக்கு என்ன சொன்னார் என்பது பிற்பகல் மூன்று மணிக்கு அவருக்குத் தெரியாது. 'மறதிக்காரர்' என்ற ஒரே சொல்லால் இதை விளக்கிவிட முடியாது. அவர் மறப்பதெல்லாம் ஒரே வகை: நடந்துகொண்டே சொன்னது, போனை வைத்த கையோடு சொன்னது, வண்டியைக் கிளப்பும்போது சொன்னது. உட்கார்ந்து பேசியதை அவர் அநேகமாக மறப்பதில்லை. சிக்கல் என்னவென்றால், அவர் உட்காருவதே இல்லை.

புத்தகம் வாங்கும் நிலைக்கு என்னைத் தள்ளிய சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அம்மிணி, அந்த நூத்திருபது ஷாஃப்டையும் எஸ்.எஸ். 410-ல போட்டுருங்க, பார்ட்டி மாத்திட்டாங்க" என்றார். முதலில் பேசியிருந்தது இ.என். 8 (EN8) என்ற சாதாரண எஃகுக் கம்பி. 410 துருப்பிடிக்காத வகை. குரோமியம் கூடுதல், விலையும் கூடுதல். தண்ணீரிலேயே கிடக்கப்போகும் பம்ப் ஷாஃப்டுக்கு வாடிக்கையாளர் அதைக் கேட்பது இயல்புதான் என்பதால் நான் மறுபேச்சில்லாமல் பழைய ஆர்டரை நிறுத்திவிட்டு 410-க்கு எழுதிப் போட்டேன். வெள்ளிக்கிழமை வண்டியிலிருந்து கம்பி இறங்கியது. முதலாளி ஒரு கம்பியைத் தூக்கிப் பார்த்து, "இதை யாரு கேட்டது?" என்றார். "நீங்கதானுங்க ஐயா சொன்னீங்க." "நான் எப்ப அம்மிணி சொன்னேன்?" பட்டறையில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாடிக்கையாளருக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகுதான், அவர் மாற்றச் சொன்னது உண்மை என்றும், முதலாளி ஒப்புக்கொண்டதும் உண்மை என்றும் தெளிவாயிற்று. முதலாளி பொய் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காலையின் அந்த அரை நிமிடம் அவருக்குள் எங்கேயுமே பதிவாகியிருக்கவில்லை. பொய் சொல்லுகிறவரிடம் வாதாடலாம். நினைவே இல்லாதவரிடம் எதை வைத்து வாதாடுவது?

இதில் எனக்கு முன்பு இருந்த கணக்குப்பிள்ளையின் பங்கும் உண்டு. இருபத்திரண்டு ஆண்டுகள் முதலாளியின் கூடவே இருந்து, மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றார். முதலாளி எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய தேவை ஏற்படாதபடி அவர் பார்த்துக்கொண்டார். டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1985-ல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்: நெடுநாள் சேர்ந்து வாழ்கிறவர்களும் சேர்ந்து வேலை செய்கிறவர்களும் நினைவைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், எது யாருக்குத் தெரியும் என்பது மட்டும் தெரிந்தால் போதும், மற்றதை அவரவர் பார்த்துக்கொள்வார்கள் என்று. அந்தப் பங்காளி போய்விட்டால் மீதமிருப்பவருக்குப் பாதி நினைவு போய்விடுகிறது. எங்கள் முதலாளிக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். அவர் திடீரென்று மறதிக்காரர் ஆகிவிடவில்லை. அவருடைய நினைவு பணி ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டது. அந்த இடத்தை நான் நிரப்ப வேண்டும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கத்தை மூன்று ஆண்டில் யாரால் ஈடுசெய்ய முடியும்?

டூப்ளிகேட் புத்தகத்துக்கு வருமுன் வேறு சிலவற்றையும் முயன்று பார்த்தேன். முதலில் என் டைரி. அவர் சொன்னதையெல்லாம் தேதியும் நேரமும் போட்டு எழுதி வைத்தேன். பிறகு ஒருமுறை தகராறு வந்தபோது அதைத் திறந்து காட்டினேன். அவர் கோபப்படவில்லை, மெல்லச் சிரித்துவிட்டு, "உங்க டைரியில நீங்க எழுதுனது எப்படிங்க நான் சொன்னதாகும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் செல்பேசியின் காலண்டரில் நினைவூட்டல் வைத்துக் கொடுத்தேன். அது இன்றும் சில வேலைகளுக்குப் பயன்படுகிறது, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினோம். அவர் அதில் தட்டச்சு செய்யமாட்டார். குரல் பதிவாக அனுப்புவார். பின்னால் லேத் ஓடும் சத்தத்தில் 'எட்டு' என்றாரா 'எட்டரை' என்றாரா என்று காதோடு வைத்து நான்கு முறை கேட்க வேண்டும். ஒரு வாரம் கழித்து அந்தப் பதிவைத் தேடியெடுப்பதற்குள் பத்து காலை வணக்கப் படங்களைத் தாண்டியாக வேண்டும். குறை செயலியுடையது என்று சொல்லமாட்டேன்; எங்கள் குழுவின் லட்சணம் அப்படி. சுவரில் வெள்ளைப் பலகையும் மாட்டினோம். யாரோ ஒரு பையன் அதில் கிரிக்கெட் ஸ்கோர் எழுதுவதற்காக முதலாளியின் கட்டளைகளைத் துடைத்துவிட்டான்.

இனி சரக்கைப் பற்றி. நான் வாங்கியது ஏறக்குறைய ஒரு பள்ளி நோட்டின் பாதி அளவு. சட்டைப்பையில் அடங்காது, மேசை டிராயரில் அடங்கும். ஒவ்வொரு செட்டின் வலது மேல் மூலையிலும் சிவப்பு மையில் எண் குத்தப்பட்டிருக்கிறது. மேல்தாளுக்கும் கீழ்த்தாளுக்கும் ஒரே எண். வாங்கும்போது இந்த எண்ணை அவசியம் பாருங்கள். எண் இல்லாத மலிவுப் புத்தகமும் கிடைக்கிறது. நம் காரியத்துக்கு அது உதவாது. நடுவில் ஒரு தாளைக் கிழித்துவிட்டாலும் தெரியாது என்றால் அப்புறம் சாட்சி எதற்கு? மேல்தாளின் ஓரத்தில் கிழிப்பதற்கு வாகாகப் புள்ளித் துளை போட்டிருக்கும். அந்தத் துளை ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று கடையிலேயே ஒரு செட்டைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. என்னுடைய இரண்டாவது புத்தகத்தில் துளை சரியாக விழாமல், கிழிக்கும்போதெல்லாம் சீட்டின் ஒரு மூலை புத்தகத்திலேயே தங்கிவிட்டது. கடைசியில் தடித்த அட்டை ஒன்று தனியாகக் கிடக்கும். பலர் அதை விளம்பர அட்டை என்று எண்ணித் தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். கீழ்த்தாளுக்கு அடியில் அதைச் செருகி வைத்தால்தான் எழுத்தின் அழுத்தம் அடுத்த செட்டில் இறங்காது. முதல் வாரம் இது எனக்குத் தெரியவில்லை. ஐந்தாம் எண் சீட்டின் 'மூன்று டஜன் புஷ்' ஆறாம் எண்ணின் 'காஸ்டிங் திருப்பி அனுப்பவும்' மீது தழும்பாக விழுந்து, இரண்டையுமே வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படிக்க வேண்டியதாயிற்று.

எழுதும் பேனாவும் முக்கியம். பால்பாயிண்ட் பேனாதான் சரி. முதலாளி பழைய காலத்து மைப்பேனாக்காரர். அழுத்தாமல், வழுக்கிக்கொண்டு போவது போல எழுதுவார். அவர் எழுதிய முதல் மூன்று சீட்டுகளில் மேல்தாள் முத்துமுத்தாக இருந்தது. நகலில் மேகம் போல ஏதோ தெரிந்தது. அதன் பிறகு நீலப் பால்பாயிண்ட் ஒன்றைச் சணல் கயிற்றால் புத்தகத்தின் முதுகில் கட்டிவிட்டேன். பார்க்க ரேஷன் கடை போல இருக்கிறது என்று அவரே கிண்டல் செய்தார். ஆனால் அந்தக் கயிறுதான் இந்த ஏற்பாட்டின் உயிர் என்பேன், ஏனென்றால் பேனா தேடும் இடைவெளியில்தான் சொல்ல வந்த செய்தி அவருக்கு மறந்துபோகிறது.

எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று சொல்கிறேன். பணம், அளவு, எண்ணிக்கை, தேதி, மெட்டீரியல் ஆகிய ஐந்தில் ஏதேனும் ஒன்று மாறுகிற சொல் என்றால் அது சீட்டில் ஏற வேண்டும்; மற்றவை வாய்ச்சொல்லாகவே இருக்கலாம். கூடுமானவரை அவரே எழுத வேண்டும். அவர் அவசரத்தில் இருந்தால் நான் எழுதுவேன், அவர் கையொப்பம் மட்டும் போடுவார். எழுதிய நேரத்தைக் கட்டாயம் போட வேண்டும். ஒரே நாளில் இரண்டு முறை மனம் மாறுகிறவரிடம் தேதி மட்டும் போட்டுப் பயனில்லை. மேல்தாள் அவரிடம், கீழ்த்தாள் என்னிடம். இந்த வரிசையை முதலில் நான் மாற்றி வைத்திருந்தேன். மேல்தாளை நான் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவேன், அவரிடம் எதுவும் இருக்காது. மூன்றாம் வாரம்தான் புத்தி வந்தது. மறப்பது அவர், சீட்டு அவரிடம் அல்லவா இருக்க வேண்டும்?

இந்த ஏற்பாட்டை அவரிடம் சொன்ன விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "நீங்க மறந்துடறீங்க, அதனால எழுதிக் கொடுங்க" என்று எந்த முதலாளியிடமும் சொல்லிவிட முடியாது. நான் புத்தகத்தை அவர் மேசையில் வைத்து, "எனக்கு இப்பல்லாம் எதுவும் ஞாபகம் இருக்கறதில்லைங்க ஐயா, சொல்றதை இதுல ஒரு வரி எழுதிக் குடுத்துட்டீங்கன்னா எனக்குச் சுலபம்" என்றேன். பாதி நடிப்பு. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்கும் புரிந்துவிட்டது. "சரிதானுங்க, வயசாகுதில்ல உங்களுக்கும்" என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார். எனக்கு முப்பத்தாறு வயது.

பலன் உடனே தெரியவில்லை. முதல் மாதத்தில் மொத்தம் ஒன்பது சீட்டுகள்தான். இரண்டாம் மாதத்தில் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். "நான் எப்ப சொன்னேன்?" என்று கேட்பதற்கு முன்னால் அவர் தன் மேசையில், கண்ணாடிக்கு அடியில் செருகியிருக்கும் சீட்டுகளை ஒருமுறை பார்க்கத் தொடங்கினார். சீட்டு இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இல்லையென்றால் இருவரும் சேர்ந்து வாடிக்கையாளரைக் கேட்போம். யார் சரி, யார் தவறு என்ற விசாரணை பட்டறை நடுவே நடப்பது நின்றுபோயிற்று. எழுபத்தைந்து ரூபாய்க்கு வேறென்ன வேண்டும்?

செல்பேசியின் மணிச்சத்தத்தைவிட இந்தச் சீட்டு ஏன் அவரிடம் நன்றாக வேலை செய்கிறது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். செய்ய வேண்டியதை உரிய வேளையில் நினைவுகொள்வதை ஆய்வாளர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். மூன்று மணிக்குச் செய்ய வேண்டும் என்று நேரத்தைப் பிடித்துக்கொண்டு நினைப்பது ஒன்று. இன்னாரைப் பார்த்ததும் சொல்ல வேண்டும், இன்ன இடத்துக்குப் போனதும் செய்ய வேண்டும் என்று ஒரு நிகழ்ச்சியைப் பிடித்துக்கொண்டு நினைப்பது மற்றொன்று. இரண்டாவதுதான் பொதுவாக எளிது. செல்பேசி மூன்று மணிக்கு அடிக்கிறது. அப்போது அவர் கையில் வெர்னியர் அளவுகோல், எதிரே ஓடும் லேத். அடித்ததை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்கிறார், நிறுத்தியதும் மறந்துபோகிறது. சீட்டு அப்படி அவரைத் துரத்திக்கொண்டு போவதில்லை. மேசைக்கு வரும்வரை காத்திருக்கிறது. நாற்காலியில் அமர்ந்து கண்ணாடியைப் பார்க்கிற அந்த நிமிடம்தான் அவரால் அடுத்த காரியத்தைச் செய்யக்கூடிய நிமிடமும்.

இனி, நான் இந்த மதிப்புரையில் எழுதாமல் விட்டிருக்கக்கூடிய ஒன்று. ஆறாம் மாதத்தில், ஒரு வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய நாற்பது ஃபிளாஞ்சுகள் போகவில்லை. வாடிக்கையாளர் முதலாளியை அழைத்துச் சத்தம் போட்டார். முதலாளி என்னிடம் வந்து, "வியாழக்கிழமை அனுப்பச் சொல்லியிருந்தேனே" என்றார். நான் சிறிதும் தயங்காமல், "சொல்லவே இல்லீங்க ஐயா" என்றேன். அத்தனை மாதங்களில் எனக்கு அவ்வளவு தைரியம் வந்திருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் தன் மேசைக்குப் போனார். கண்ணாடியைத் தூக்கி ஒரு சீட்டை எடுத்து என் முன் வைத்தார். எண் 63. நான் புத்தகத்தைப் புரட்டினேன். 63-ஆம் நகல் இருந்தது. திங்கட்கிழமை, மாலை 4.40, ஃபிளாஞ்ச் 40, வியாழன், அவருடைய கையொப்பம். எழுதியிருந்தது என் கையெழுத்து. எழுதிய நினைவு எனக்குத் துளியும் இல்லை. அன்று மாலை சம்பளக் கணக்கு முடிக்கும் அவசரத்தில் இருந்திருக்கிறேன். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. வாடிக்கையாளரிடம் தன் தவறு என்றே சொல்லிவிட்டார். அன்றிரவு பழைய நகல்களை எல்லாம் எடுத்து, நிறைவேறாமல் நின்றவற்றைக் குறித்தேன். ஐம்பது செட் முடிந்த முதல் புத்தகத்தில் மட்டும் அப்படி ஏழு; அவற்றில் நான்கு அவருடைய மறதி, மூன்று என்னுடையது. இந்தப் புத்தகம் வருவதற்கு முன் அந்த மூன்றும் அவர் கணக்கில் எழுதப்பட்டிருக்கும்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இது விளம்பரமாகிவிடும். கார்பன் தாள் கையையும் சட்டையையும் கெடுக்கும். வெள்ளைச் சட்டைக்காரரான முதலாளியின் வலது கையோரத்தில் நீலத்தீற்றல் படிந்து, அவர் வீட்டம்மா எனக்கே போன் செய்து விசாரித்தார். கார்பனைத் தலைகீழாக வைத்துவிட்டால் நகல் கீழ்த்தாளில் விழாமல், மேல்தாளின் முதுகில் கண்ணாடி எழுத்தாக விழும். இந்தத் தவறை நாங்கள் இருவரும் செய்திருக்கிறோம். ஒரே கார்பனை இருபது முப்பது முறைக்கு மேல் இழுத்தால் நகல் வெளிறிவிடுகிறது. சிக்கனம் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். தேடுவதும் கடினம். 'அந்த திருப்பூர் பார்ட்டி சீட்டு' என்றால் பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். புத்தகத்தின் பின்னட்டையில் வாடிக்கையாளர் பெயரும் சீட்டு எண்ணும் பென்சிலால் குறித்து வருகிறேன். பாதித் தீர்வு அவ்வளவுதான். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, புத்தகம் ஓரிடத்தில்தான் இருக்கும் என்பது. முதலாளி ஃபவுண்டரியிலிருந்து போனில் சொல்வது சீட்டில் ஏறாது. நான் எழுதி வைத்து, அவர் வந்ததும் கையொப்பம் வாங்குகிறேன். அதற்குள் சில சமயம் அவர் அதை மாற்றியிருப்பார்.

கார்பன் வேண்டாதவர்களுக்கு வேதிப்பூச்சுத் தாளில் அச்சடித்த புத்தகமும் உண்டு. மேல்தாளின் முதுகில் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்களில் சாயம் பூசியிருக்கும். பேனா அழுத்தியதும் குமிழ் உடைந்து கீழ்த்தாளில் எழுத்து விழும். அமெரிக்காவின் என்.சி.ஆர். நிறுவனம் 1950-களில் கொண்டுவந்த முறை இது. இன்றும் அச்சகங்களில் என்.சி.ஆர். பேப்பர் என்றுதான் கேட்கிறோம். கை கறைபடாது, கார்பன் செருகவும் வேண்டாம். ஆனால் புத்தகத்தின் மேல் ஒரு போல்ட்டை வைத்தால்கூட அடியில் வட்டமாகக் கறை விழுந்துவிடுகிறது. பட்டறை மேசையில் போல்ட் வைக்காமல் யாரால் இருக்க முடியும்? அச்சகத்தில் ஒரேயடியாக நிறையப் புத்தகங்கள் அடிக்கச் சொல்ல வேண்டியிருப்பதும் சிறிய அலுவலகத்துக்குச் செலவு. குளிர்சாதன அறையில் சுத்தமான மேசை உள்ளவர்களுக்கு இதைச் சொல்வேன். எங்களைப் போன்றவர்களுக்குப் பழைய கார்பனே போதும். கார்பன் தாளுக்கு இங்கிலாந்தில் ரால்ஃப் வெட்ஜ்வுட் என்பவர் 1806-ல் காப்புரிமை வாங்கினார் என்பதும், பார்வையற்றவர்கள் எழுதுவதற்கு உதவும் கருவியாகவே அது முதலில் எண்ணப்பட்டது என்பதும் போகிற போக்கில் சொல்லத்தக்க செய்தி. மின்னஞ்சலில் நாம் போடும் 'சி.சி.' இந்தக் கார்பன் காப்பியின் எச்சம்தான். ஆகவே மின்னஞ்சல் பார்க்கிற முதலாளி வாய்த்தவர்கள் இந்தப் புத்தகத்தை வாங்கத் தேவையில்லை. அவர் சொன்னதை இரண்டு வரியில் அவருக்கே எழுதியனுப்பினால் அதே காரியம் நடக்கும்.

புத்தகம் அறவே பயன்படாத இடம் ஒன்று உண்டு: மாதந்தோறும் வரும் கெடு தேதிகள். 7-ஆம் தேதிக்குள் டி.டி.எஸ். என்ற பிடித்தம் செய்த வருமான வரியைக் கட்ட வேண்டும், 11-ஆம் தேதி விற்பனை விவரம் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்.-1, 15-ஆம் தேதி தொழிலாளர்களின் பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொகை; எங்களைப் போல மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வரியைக் கட்டிக் கணக்குக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்.-3பி. கடைசியாகச் சொன்னது தவறினால் நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய் தாமதக் கட்டணம், வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. இவை யாரும் மனம் மாறிச் சொல்கிற சொற்கள் அல்ல; சீட்டு எழுத வேலையில்லை. ஆனால் தாக்கலை முடிக்க வேண்டிய ஓ.டி.பி. முதலாளியின் செல்பேசிக்கு வருகிறது. செல்பேசியோ வண்டியின் டேஷ்போர்டில் கிடக்கிறது. இதற்கு மட்டும் செல்பேசிக் காலண்டரையே நம்புகிறேன், அதுவும் அவருடையதில் அல்ல, என்னுடையதில். 19-ஆம் தேதி காலை மணி அடித்ததும் நானே போய் அவர் எதிரே நின்றுகொள்வேன்.

யார் வாங்கலாம்? நேர்மையான மறதிக்காரரிடம் வேலை செய்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். மறந்துவிட்டதாகச் சொல்லித் தப்பிக்கிற முதலாளிக்கு இது உதவாது; அவர் பேனாவைத் தொடவே மாட்டார், தொடாததிலிருந்தே உங்களுக்கு விஷயம் விளங்கிவிடும் என்பது வேறு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அண்மையில் தொடங்கி மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போகிற மறதி, பழகிய வழியையும் பழகிய பெயரையும் மறப்பது, சீட்டைக் காட்டினாலும் தன் கையெழுத்தை அடையாளம் தெரியாமல் விழிப்பது போன்றவற்றைக் கண்டால் ஸ்டேஷனரி கடைக்குப் போகாதீர்கள். அவர் வீட்டாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், மருத்துவர் பார்க்க வேண்டியது அது. ஐந்து நட்சத்திரத்துக்கு நான் நான்கு கொடுப்பேன். குறைத்த ஒன்று கார்பன் கறைக்காக. துளை சரியாக விழாத இரண்டாவது புத்தகத்துக்கு மட்டும் இன்னும் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

போன வாரம் ஐந்தாவது புத்தகம் முடிந்தது. கடைசிச் சீட்டு, எண் 250, முதலாளியின் கையெழுத்து: "அடுத்த டூப்ளிகேட் புக் வாங்கவும். காலை 11.15." மேல்தாளை அவர் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு, மதியம் கடைக்குப் போய் வாங்கி வந்தேன். மாலையில் அவர் வெளியே போய்த் திரும்பும்போது கையில் ஒரு பொட்டலம். "அம்மிணி, உங்க புக்கு தீந்துபோச்சுன்னு பாத்தேன், நானே வாங்கிட்டு வந்துட்டேன்" என்று பெருமையோடு என் மேசையில் வைத்தார். நான் டிராயரைத் திறந்து என்னுடையதைக் காட்டினேன். "யாரு வாங்கச் சொன்னது?" என்றார். நான் 250-ஆம் நகலைப் புரட்டி அவர் பக்கம் திருப்பி வைத்தேன். சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சணல் கயிற்றை அவிழ்த்துப் பேனாவைப் புதுப் புத்தகத்தில் கட்டத் தொடங்கினார். அவர் வாங்கி வந்ததில்.